பீட் மண்ணில் கன உலோகங்களை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்திற்குப் புதிதாக வரும் மாணவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவது போன்றவை எல்லாக் கையேடுகளிலும் இருப்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

ஈர மாதிரியை ஓவனில் உலர்த்துதல்

நீலகிரிப் பள்ளத்தாக்கு ஒன்றின் சதுப்பிலிருந்து எடுத்துவந்த பீட் (நீர் தேங்கிய இடத்தில் அரைகுறையாக மட்கிய தாவரங்களால் ஆன மண்), பிழிந்தால் தேயிலைச் சாயம் போன்ற நீரைக் கசியவிட்டது. சாதாரண மண்ணுக்குச் செய்வதைப் போலவே அதை 105 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் உலர்த்தி, பொடித்து, ஈயத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க ஈய நைட்ரேட் கரைசலில் இட்டேன். அரை மணி நேரம் குலுக்கியும் பொடி நனையாமல் மிளகுத்தூள் போல மேலேயே மிதந்தது. ஒரு பருவத்தின் மாதிரிகள் அனைத்தும் இப்படியே வீணாயின.

மட்கிய கரிமப் பொருளில் உள்ள கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் உலோக அயனியைப் பிடித்துக்கொள்கின்றன. நீரில் உப்பி விரிந்திருக்கும் நிலையில்தான் இந்த இடங்கள் உலோகத்திற்கு எட்டும். கடுமையாக உலர்ந்த பீட் சுருங்கி நீரை விலக்கும் தன்மை பெற்றுவிடுவதால், மீண்டும் நனைத்தாலும் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. அதோடு, காற்றில்லாத அடியாழத்தில் சல்ஃபைடாக இருந்த உலோகங்கள் உலரும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து கரையும் வடிவத்திற்கு மாறிவிடுவதால், எந்த உலோகம் எதனோடு பிணைந்திருந்தது என்று பிரித்தறியும் சோதனையும் பயனற்றதாகிறது. காற்றை வெளியேற்றி மூடிய பையில் 4 டிகிரியில் மாதிரியை வைத்து, ஈரமாகவே சோதியுங்கள். தனியாக ஒரு சிறு பகுதியை மட்டும் உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிட்டால் போதும்.

எடையை மட்டும் வைத்து ஒப்பிடுதல்

பீட்டின் பருமன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 கிராம், கனிம மண்ணுக்கு 1.3 அளவில் இருக்கும். இரண்டிலும் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருந்தாலும், ஒரு லிட்டர் பீட்டில் இருப்பது 10 மில்லிகிராம், கனிம மண்ணில் 130.

எல்லா உலோகங்களையும் ஒன்றாக நடத்துதல்

செம்பும் ஈயமும் இறுகப் பிணைகின்றன. துத்தநாகமும் காட்மியமும் அமிலம் சற்றுக் கூடினாலே கழன்றுவிடுகின்றன.

பிடித்ததை விடாது என்று நம்புதல்

இங்கிலாந்தின் பீக் மாவட்டப் பீட் நிலங்கள், தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து காற்றில் வந்து படிந்த ஈயத்தை மேலடுக்கில் தேக்கிவைத்திருந்தன. அரிப்பு அந்த அடுக்கைக் கிழித்தபோது, கரிமத் துகள்களோடு பிணைந்த நிலையிலேயே ஈயம் ஓடைகளில் இறங்கியது. ஹியூமிக் பொருளோடு (மட்கிய கரிமப் பொருளோடு) பிணைந்த உலோகத்தின் ஒரு பகுதி 0.45 மைக்ரான் வடிதாளையும் கடந்துவிடும் என்பதால், வடிநீரில் கிடைத்த அளவு முழுவதையும் தனி அயனி என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.