பிட்சரின் வாழ்நாள் கணக்கை லீக் சராசரியோடு ஒப்பிடுவது எப்படி?

பேஸ்பாலில் இரண்டு பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) இ.ஆர்.ஏ. எண்களை, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர்கள் கொடுத்த ஓட்டங்களை, அருகருகே வைத்து, குறைந்த எண்ணுக்கு உரியவரே சிறந்தவர் என்று முடிவு செய்வது, இருவரும் ஒரே காலத்தில் ஒரே லீகில் ஆடியிருந்தால்தான் ஓரளவாவது பொருந்தும். எட் வால்ஷின் வாழ்நாள் இ.ஆர்.ஏ. 1.82, லெஃப்டி குரோவுடையது 3.06. ஆனால் வால்ஷ் ஆடிய 1904 முதல் 1917 வரையிலான காலத்தில் ஓட்டங்கள் பொதுவாகவே குறைவு. குரோவ் ஆடிய 1925 முதல் 1941 வரையிலான காலத்தில் மட்டையாளர்களின் கை ஓங்கியிருந்தது. அவரவர் காலத்து லீக் சராசரியோடு ஒப்பிட்டால் இருவரும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். இந்த ஒப்பீட்டை நாமே செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் கணக்கிடுவோம். பீல்டிங் தவறுகளால் வந்தவற்றை நீக்கி, பிட்சரின் பொறுப்பாக எழுதப்படும் ஓட்டங்களை ஒன்பதால் பெருக்கி, அவர் வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் இ.ஆர்.ஏ. கிடைக்கும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: 304.2 இன்னிங்ஸ் என்று அச்சிடப்பட்டிருந்தால் அது 304 இன்னிங்ஸும் மேலும் இரண்டு அவுட்களும் ஆகும்; மூன்று அவுட்கள் சேர்ந்ததே ஒரு இன்னிங்ஸ். எனவே கணக்கில் 304.67 என்றே எழுத வேண்டும். அடுத்து, அதே ஆண்டில் அவர் ஆடிய லீகின் இ.ஆர்.ஏ.வை எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் போட்டியின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டையும் கலந்து ஒரே சராசரியாக எடுப்பது சரியன்று. 1973 முதல் அமெரிக்கன் லீகில் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடித்து ஓட்டங்களைக் கூட்டும் விதி இருந்தது, நேஷனல் லீகில் அது நிரந்தரமானது 2022இல்தான்.

பாப் கிப்சன் 1968இல் 304.2 இன்னிங்ஸ் வீசித் தம் பொறுப்பில் 38 ஓட்டங்களே கொடுத்தார் (இனி ஓட்டங்கள் என்பது இவற்றையே குறிக்கும்); அவருடைய இ.ஆர்.ஏ. 1.12, நேஷனல் லீகின் சராசரி 2.99. அந்தச் சராசரி பிட்சர் ஒருவர் அத்தனை இன்னிங்ஸ் வீசியிருந்தால் ஏறத்தாழ 101 ஓட்டங்கள் கொடுத்திருப்பார். ஆக, கிப்சன் தடுத்தவை சுமார் 63. பெட்ரோ மார்டினெஸ் 2000இல் 217 இன்னிங்ஸில் 42 ஓட்டங்கள் கொடுத்தார். இ.ஆர்.ஏ. 1.74 என்பது கிப்சனைவிட மோசமாகத் தோன்றும்; ஆனால் அமெரிக்கன் லீகின் சராசரி அன்று 4.91 என்பதால் எதிர்பார்ப்பு 118 ஓட்டங்கள், தடுத்தவை 76. ஏறக்குறைய 88 இன்னிங்ஸ் குறைவாக வீசியும் அவர் அதிக ஓட்டங்களைத் தடுத்தார் என்பதே என்னை மார்டினெஸின் பக்கம் சாய்க்கிறது. கிப்சனின் ஆண்டு பிட்சர்களுக்கு அவ்வளவு சாதகமாக இருந்ததால்தான் அடுத்த ஆண்டே பிட்சர் நின்று வீசும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

லீக் சராசரியைப் பிட்சரின் இ.ஆர்.ஏ.வால் வகுத்து நூறால் பெருக்கினால் மார்டினெஸுக்கு 282, கிப்சனுக்கு 267 வருகின்றன. இந்த எண்ணை இ.ஆர்.ஏ. பிளஸ் என்ற பெயரில் வெளியிடும் பட்டியல்களிலோ அவை 291, 258 என்று இருக்கும். இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் மைதானமே காரணம்: மட்டையாளர்களுக்கு உதவும் மைதானத்தில் வீசியவருக்கு எண் உயரும், பிட்சருக்கு உதவும் மைதானத்தில் வீசியவருக்குக் குறையும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், பந்து வெகுதூரம் பறக்கும் டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில் வீசியவர்களை இந்தத் திருத்தம் இல்லாமல் மதிப்பிடவே கூடாது. பாதி ஆட்டங்கள் வெளியூரில் நடப்பதால், சொந்த மைதானத்தின் விளைவில் பாதியை மட்டும் சேர்த்தால் போதும்.

வாழ்நாள் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆண்டுதோறும் கிடைத்த எண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. லீக் சராசரி 4.00 ஆக இருக்கும் இரு பருவங்களில் ஒருவர் சம இன்னிங்ஸ் வீசி 2.00, 4.00 என்று முடித்தால் அவருடைய எண்கள் 200, 100. அவற்றின் சராசரி 150. உண்மையில் அவருடைய மொத்த இ.ஆர்.ஏ. 3.00 என்பதால் சரியான விடை 133. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் எதிர்பார்க்கப்படும் ஓட்டங்களை, மைதானத் திருத்தத்தோடு, தனித்தனியே கண்டு, அவை அனைத்தையும் கூட்டி, அவர் உண்மையில் கொடுத்த மொத்த ஓட்டங்களால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நடுப்பருவத்தில் லீக் மாறியிருந்தால் அந்த ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

விடையைப் படிப்பதிலும் நிதானம் தேவை. மார்டினெஸின் வாழ்நாள் எண் 154 என்றால் அவர் சராசரியைவிட 54 சதவீதம் குறைவாகக் கொடுத்தார் என்று பொருளல்ல. நூறை 154ஆல் வகுத்தால் 0.65 வரும், அதாவது சுமார் 35 சதவீதம் குறைவு. மரியானோ ரிவேராவின் 205 இதைவிட மிக உயரம்தான், ஆனால் ஆட்டத்தின் இறுதியில் ஓரிரு இன்னிங்ஸ் முழு வேகத்தில் வீசும் பிட்சருக்கு இது எளிதாக வாய்க்கும். அவர் வீசியது 1,283.2 இன்னிங்ஸ், மார்டினெஸ் வீசியதோ 2,827.1. இத்தகைய இருவரை ஒப்பிடும்போது சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, தடுத்த ஓட்டங்களின் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள்.