ஹட்செப்சுட்டைத் தேடிப் போகும் காலப்பயண நாவல்: முதல் அத்தியாயம் எழுதுவது எப்படி?

காலப்பயண நாவல் எழுத உட்காருகிறவர்கள் முதலில் இயந்திரத்தைத்தான் யோசிக்கிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான் ஹட்செப்சுட்டைத் தேர்ந்தெடுப்பேன். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் எகிப்தை ஆண்ட பெண் ஃபாரோ. சிறுவனான மூன்றாம் தூத்மோசின் சார்பில் ஆட்சியைக் கவனிக்க வந்தவர், சில ஆண்டுகளில் தானே முடிசூடிக்கொண்டார்.

படி 1: ஒரே ஓர் ஆண்டைப் பிடியுங்கள்

முழு ஆட்சியையும் கதைக்குள் திணிக்க வேண்டாம். அவருடைய 16ஆம் ஆட்சியாண்டு போதும். தெற்கு எகிப்தின் அஸ்வானில் வெட்டிய, 'ஓபிலிஸ்க்' எனப்படும் கூர்நுனி கொண்ட செந்நிறக் கருங்கல் தூண்கள் இரண்டு அப்போதுதான் கர்னாக் கோயிலுக்காகத் தயாராயின. வெட்டும் வேலை 7 மாதத்தில் முடிந்தது என்று தூணின் அடிக்கல்லிலேயே எழுதியிருக்கிறது. இரண்டில் ஒன்று, கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரத்தில், இன்றும் நிற்கிறது.

படி 2: வாசலைத் திறங்கள்

அஸ்வான் கல்குவாரியில் விரிசல் விட்டதால் கைவிடப்பட்ட ஒரு தூண் பாறையோடு பாறையாகப் படுத்துக் கிடக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர். அதைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் உங்கள் நாயகி இறங்கட்டும். முதலில் சத்தம் கேட்க வேண்டும்: உருண்டைக் கல்லால் பாறையை இடிக்கும் 'தொம், தொம்'. நிமிர்ந்து பார்த்தால் பள்ளம் முழுக்க ஆட்கள். இயந்திரமே தேவையில்லை, பார்த்தீர்களா?

படி 3: இருந்தவற்றையும் இல்லாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்

நாணயம் கிடையாது, கூலி ரொட்டியும் பீரும். குதிரை பூட்டிய தேர் உண்டு. கிசா பிரமிடுகள் அப்போதே 1000 வயது தாண்டியவை.

படி 4: 'அவர்' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள்

சிலைகள் பலவற்றில் ஹட்செப்சுட்டுக்கு ஒட்டுத்தாடி இருக்கிறது. 'வந்தார், அமர்ந்தார், கேட்டார்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்பது தமிழில் தெரியாது. அவர் வாய் திறக்கும்வரை வாசகரைக் காக்க வையுங்கள். நம் மொழி இலவசமாகத் தரும் வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

படி 5: மோதலை அந்தக் கல்லிலிருந்தே எடுங்கள்

வரும் காலத்தில் இதைப் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று தன் மனம் அலைபாய்வதாக, கர்னாக்கில் இன்றும் நிற்கும் அந்தத் தூணில் அவர் பொறித்து வைத்திருக்கிறார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, மூன்றாம் தூத்மோசின் ஆட்சியில், அவருடைய பெயரைச் சுவர்களிலிருந்து உளியால் செதுக்கி எடுத்தார்கள், சிலைகளை உடைத்தார்கள். உங்கள் நாயகிக்கு இது தெரியும், அவருக்குத் தெரியாது.

சரி, இப்போது நோட்டை எடுங்கள். தூணின் நிழலில் ஹட்செப்சுட் நிற்கிறார். "உங்கள் காலத்தில் என்னை என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்கிறார். நாயகியின் பதிலை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்.