கிறிஸ்துமஸ் சமயத்தில் சென்னை சாந்தோம் பேராலயம்: முதல்முறை போகிறவர்களுக்கு

24ஆம் தேதி ராத்திரிதான் போக வேண்டும் என்று சொல்கிறவர்கள் பூசைக்குப் போகிறவர்கள். கோயிலை நிதானமாகப் பார்க்க நினைத்தால் அந்த ராத்திரியை விட்டுவிடுங்கள். இயேசு பிறப்புக் குடிலை மறுநாளே கலைத்துவிட மாட்டார்கள், பொதுவாக மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6 வாக்கில்) வரை இருக்கும். அதனால் 25க்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஒரு வார நாள் காலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, வண்டியை வீட்டிலேயே விடுவது. என் ஓட்டு பறக்கும் ரயிலுக்குத்தான். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். நள்ளிரவுப் பூசைக்குத்தான் போவேன் என்றால் திரும்ப ரயில் இருக்காது, ஆட்டோவுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

அடுத்து கோயிலுக்குள். பூசை நடந்தால் முடியும்வரை பின் வரிசையில் உட்காருங்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடக்க வேண்டாம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது இப்போது இல்லை, நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் ஆங்கிலேயர் காலத்தில் 1896இல் முடிந்தது.

இனி, பலரும் கோட்டை விடும் இடம். பீடத்தைச் சுற்றித் தேடிவிட்டு "கல்லறை எங்கே?" என்று முழிப்பார்கள். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையாரின் கல்லறைக்கு வழி கோயிலுக்குள் இல்லை. வெளியே வந்து பின்பக்கம் போனால் தனி வாசல், அங்கிருந்து படி இறங்கினால் நிலத்தடிச் சிற்றாலயம். வெளியே நின்று அண்ணாந்து பாருங்கள், 155 அடி உயரக் கோபுரம் தவிர சின்னதாக இன்னொன்று தெரியும், கல்லறை அதற்கு நேர் கீழே. கீழே பேசக்கூடாது. அவருடைய முக்கியமான எலும்புகள் 1258 முதல் இத்தாலியின் ஒர்த்தோனாவில் இருக்கின்றன, ஆனால் கல்லறைக்காகத்தான் ஊர் ஊராக இங்கே வருகிறார்கள். 1986இல் போப் இரண்டாம் ஜான் பாலும் வந்து ஜெபித்தார். மேலே இருக்கும் கண்காட்சியைத் திரும்பும்போது பாருங்கள், முதலிலேயே நுழைந்தால் கல்லறைக்கு நேரம் போதாது.

அப்புறம் கடல் பக்கம் நடந்தால் தோமையார் கம்பம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வந்த சுனாமி இதைத் தாண்டவில்லை என்பார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு, ஆனால் அந்தப் பக்கத்துக்காரர்களிடம் வாதம் பண்ணாதீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு கேள்விகள் வந்தன. கிறிஸ்தவர் அல்லாதவர்கள் பூசையில் உட்காரலாமா? தாராளமாக. நற்கருணை (அப்பம்) கொடுக்கும்போது மட்டும் வரிசையில் போகாமல் இடத்திலேயே இருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா? கோயிலுக்கும் குடிலுக்கும் சரி, கல்லறைக்குப் படி இறங்க வேண்டியிருப்பதால் கூட்டம் இல்லாத வேளையாகப் பார்த்து, ஒருவர் கைபிடித்து மெதுவாக இறக்குங்கள்.