காவிரி டெல்டாவில் சமையல் வசதியுள்ள அறையில் வாரக்கணக்கில் தங்குவது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களுக்கு வந்து ஒரு வாரமோ ஒரு மாதமோ தங்க வேண்டியிருப்பவர்கள் பலதரப்பட்டவர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கும் பெற்றோருக்குத் துணையாக வருபவர்கள், நவக்கிரகத் தலங்களை அவசரமில்லாமல் தரிசிக்க விரும்பும் முதியவர்கள், பூர்வீக நிலத்தின் பட்டா, பத்திர வேலைகளுக்காகச் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் குடும்பங்கள் என்று எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான். லாட்ஜ் அறையில் இரண்டு நாளுக்கு மேல் இருப்புக் கொள்ளாது. வாடகை வீடு எடுக்கலாம் என்றால் பதினொரு மாத ஒப்பந்தமும் பெரிய அட்வான்ஸும் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றும் ஹோம் ஸ்டே என்றும் பெயர்ப்பலகை வைத்து, ஒரு சிறு சமையல் மேடையும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் கொண்ட அறைகளைக் குறைந்த வாடகைக்கு விடுகிறார்கள். அப்படிப்பட்ட அறையைத் தேர்ந்தெடுப்பது, பேசி முடிப்பது, அதில் ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுவது ஆகியவற்றைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

மூன்று நாள் மட்டும் தங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஏற்பாடு வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள் என்று வாங்கிச் சேர்ப்பதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். ஒரு வாரம் என்று ஆகும்போதுதான் சொந்தச் சமையலின் பலன் தெரியத் தொடங்கும். அப்போதும் மூன்று வேளையும் சமைக்க வேண்டும் என்பதில்லை. காலைக் காப்பியும் இரவு உணவும் அறையிலேயே முடிந்தால் செலவும் குறையும், வயிறும் கெடாது. மதியச் சாப்பாட்டை நல்ல மெஸ் ஒன்றில் வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஊரில் தங்குவது என்பதை வந்த வேலையை வைத்து முடிவு செய்யுங்கள். ஆலங்குடி, திருநாகேசுவரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஆகியவற்றுக்குக் கும்பகோணம் வசதி. வைத்தீசுவரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருக்கடையூர் ஆகியவற்றுக்கு மயிலாடுதுறை பக்கம். மருத்துவமனை வேலையோ, பெரிய கோயிலும் திருவையாறும் திங்களூருமோ முக்கியம் என்றால் தஞ்சாவூர். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான் என்றாலும், நோயாளியைப் பார்க்கத் தினமும் இரண்டு முறை அந்தத் தூரத்தைக் கடப்பது உடம்புக்கு ஆகாது. துணைக்கு வருபவர்கள் மருத்துவமனையிலிருந்து நடக்கும் தூரத்திலோ ஒரே ஆட்டோவில் போகும் தூரத்திலோ அறை பார்ப்பதுதான் சரி.

நாள் பார்க்காமல் முன்பதிவு செய்யக் கூடாது. மாசி மகத்தின்போது கும்பகோணத்திலும், குருப்பெயர்ச்சியின்போது ஆலங்குடியைச் சுற்றியும், சனிப்பெயர்ச்சியின்போது திருநள்ளாறு, காரைக்கால் பக்கமும் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா நடப்பதால் நாகப்பட்டினம் வரை கூட்டம் இருக்கும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகம் 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். அந்த ஆண்டின் மாசி மாதத்தில் நீண்ட நாள் தங்கும் திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வருபவர்கள் துணி உலர்த்த மூடிய தாழ்வாரம் இருக்கிறதா என்றும், ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி அறையைப் பார்வையிடுவதற்கு வருவோம். பெரும்பாலானவர்கள் கட்டிலையும் ஏசியையும் குளியலறையையும் பார்த்துவிட்டுத் தலையசைத்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் தங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது சமையல் மேடையைத்தான். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது, அடுப்புக்குப் பக்கத்தில் உள்ள பிளக் பாயிண்டை. இத்தகைய அறைகளில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்புதான் வைத்திருப்பார்கள். அது முழு வேகத்தில் ஓடும்போது 1,800 முதல் 2,000 வாட் வரை இழுக்கும். விளக்குக்கும் செல்பேசி சார்ஜருக்கும் பயன்படும் சிறிய 6 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 1,400 வாட்தான். பெரிய துளைகள் கொண்ட 16 ஆம்பியர் பவர் பிளக் 3,600 வாட்டுக்கு மேல் தாங்கும். மேடைக்கு மேலே பவர் பிளக் இல்லாமல், கட்டிலருகே இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து அடுப்பை ஓட்டச் சொன்னால் அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரம் தண்ணீரை வைத்துப் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, அடுப்பை அணைத்தபின் பிளக்கின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, வயரிங் சரியில்லை என்று பொருள்.

அடுத்தது பாத்திரம். இண்டக்‌ஷன் அடுப்பில் அடிப்பகுதியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே சூடேறும். கும்பகோணத்துக் கடைத்தெருவில் ஆசையாக வாங்கும் பித்தளைப் பாத்திரமும் வெண்கல உருளியும் அதில் சூடேறாது. ஈயச் சொம்பு வாங்கி அன்றைக்கே அறையில் ரசம் வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஈயச் சொம்புக்குத் தீ எரியும் அடுப்பு வேண்டும், அதிலும் புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும், வெறுமனே வைத்தால் உருகிவிடும். அதை ஊருக்கு எடுத்துச் சென்று பயன்படுத்துவதே நல்லது. அறைக்கு வேண்டியது இண்டக்‌ஷன் அடி கொண்ட மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, அதே வகை வாணலி ஒன்று, தோசைக்கல் ஒன்று. அறையில் வைத்திருப்பதாகச் சொல்லும் குக்கரின் கேஸ்கட்டையும் வெயிட்டையும் திறந்து பாருங்கள். அவை பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். குக்கர் மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

எரிவாயு அடுப்பு இருந்தால் சமைப்பதற்கு வசதிதான். ஆனால் வணிக நோக்கில் வாடகைக்கு விடும் இடத்தில் வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வைக்கக் கூடாது என்பதால், எந்த சிலிண்டர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாம் படுக்கும் இடத்திலேயே சிலிண்டர் இருந்தாலோ, ஜன்னல் திறக்க முடியாத அறையாக இருந்தாலோ, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் அங்கே ஒருவரையும் தங்கச் சொல்ல மாட்டேன்.

குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கதவருகே சாவி அட்டையைச் செருகினால்தான் மின்சாரம் வரும் என்ற அமைப்பு சில இடங்களில் உண்டு. காலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது அட்டையை உருவினால் விளக்கோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியும் நின்றுவிடும். டெல்டா வெயிலில் மதியம் திரும்பும்போது பால் திரிந்திருக்கும், இட்லி மாவு பொங்கி வழிந்திருக்கும். பெட்டிக்குத் தனி இணைப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டு, அட்டையை உருவிப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அதைப் போலவே, பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களை உள்ளூர் நாளிதழில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். இன்வெர்ட்டரில் மின்விசிறி ஓடும், இண்டக்‌ஷன் அடுப்பு ஓடாது என்பதால் அன்றைக்கு வெளியில்தான் சாப்பாடு.

சிங்க்கின் ஆழத்தையும் பாருங்கள். நம் ஊரில் சோறு வடித்துப் பழகியவர்கள் அதிகம். கையகல சிங்க்கில் கஞ்சி வடித்தால் மேடை முழுவதும் தெறிக்கும், குழாயிலும் அடைத்துக்கொள்ளும். இத்தகைய அறைகளில் குக்கரில் அளவுத் தண்ணீர் வைத்துச் சமைப்பதே சுகம். தண்ணீர் ஆழ்குழாய்த் தண்ணீரா, உப்புத் தன்மை உள்ளதா என்று கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தால், அதை மாடி வரை கொண்டுவந்து தருவார்களா என்பதும் முதியவர்களுக்கு முக்கியம்.

வாடகை பேசும்போது ஒரு நாள் கணக்கில் பேசாதீர்கள். வார வாடகை என்ன, மாத வாடகை என்ன என்று தனித்தனியாகக் கேட்டால் இடைவெளி நன்றாகத் தெரியும். மின்கட்டணம் வாடகையில் அடக்கமா, தனியா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தனி என்றால் அந்த அறைக்கென்று வைத்திருக்கும் உள்மீட்டரின் அளவை நுழையும் அன்றே செல்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். 2,000 வாட் அடுப்பு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு யூனிட். ஒரு சிறு குடும்பத்தின் இரண்டு வேளைச் சமையலுக்கு இதைவிட அதிகம் ஆகாது. மின்கட்டணத்தை ஏற்றுவது ஏசிதான், அடுப்பல்ல. ஆகவே சமைப்பதற்கென்று தனித் தொகை கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லித் தயங்காமல் பேசலாம்.

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். பதிவு செய்யாத சிறு உரிமையாளர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. வசூலித்தால் பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத வாடகையில் தொடர்ந்து 90 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால் இந்த வரியிலிருந்து விலக்கு உண்டு என்பதைச் சிகிச்சைக்காக மாதக்கணக்கில் தங்குவோர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரைத் தங்க வைக்கும் இடம், அவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். அது தெரியாத இடமாக இருந்தால் வெளிநாட்டு உறவினர்கள் அங்கே தங்காமல் இருப்பது நல்லது.

அசைவம் சமைக்கலாமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கோயில் வீதிகளை ஒட்டிய வீடுகளில் முட்டைகூடக் கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அது அவர்களுடைய வீடு. மனம் ஒப்பவில்லை என்றால் வேறு இடம் பார்க்கலாமே தவிர, ஒளித்துச் சமைப்பது முறையல்ல.

மளிகை வாங்குவதில் கை அடக்கம் வேண்டும். அரிசி இரண்டு கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், சாம்பார்ப்பொடியும் ரசப்பொடியும் நூறு நூறு கிராம் என்று தொடங்கினால் போதும். குறைந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்கும். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது, தஞ்சாவூரிலும் உண்டு, கும்பகோணத்திலும் உண்டு. காலை ஏழு மணிக்குள் போனால் கீரைக்கட்டும் வாழைப்பூவும் பிஞ்சுக் கத்தரிக்காயும் வாடாமல் கிடைக்கும். வாழைப்பூவை ஆய நேரம் இருக்கிறதா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். வாழைத்தண்டு அதைவிட எளிது. ஆவின் பாலில் பச்சைப் பாக்கெட் காப்பிக்கும் தயிருக்கும் பொருத்தமாக இருக்கும். கெட்டிப் பாலில் காப்பி குடிப்பவர்கள் ஆரஞ்சுப் பாக்கெட் வாங்கலாம். காப்பித் தூளைக் கடையில் அரைத்துத் தரச் சொல்லிக் கால் கிலோவாக வாங்குங்கள். இரவு படுக்கும் முன் ஃபில்டரில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டால், விடியற்காலை நடை திறக்கும் நேரத்துக்குக் கிளம்புபவர்களுக்கு டிகாஷன் தயாராக இருக்கும்.

இங்குள்ள கோயில்களில் பெரும்பாலானவை நண்பகலையொட்டி நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல் திறக்கின்றன. அந்த இடைவெளிதான் சமையலறை உள்ள அறையின் உண்மையான பயன். காலையில் கிளம்பும் முன்பே குக்கரில் பருப்பை வேகவைத்து மூடி வைத்துவிட்டால், பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து அரிசி களைந்து போட்டு, ரசம் கொதித்து இறங்கியதும் அப்பளம் பொரித்து, ஒரு மணிக்கு இலையில் உட்காரலாம். பிறகு முதியவர்கள் படுத்து எழுந்து மாலைத் தரிசனத்துக்குப் போக முடியும்.

நோயாளிக்குச் சமைப்பவர்கள் இன்னும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். உப்பு, எண்ணெய், தண்ணீரின் அளவு பற்றி மருத்துவர் அல்லது செவிலியர் சொன்னதைத் தாளில் எழுதிச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டிவையுங்கள். துணைக்கு ஆள் மாறும்போது அந்தத் தாள்தான் பேசும். நொய்யரிசிக் கஞ்சியும் பாசிப்பருப்புத் தண்ணீரும் வெளியில் நம்பி வாங்கக் கூடியவை அல்ல. கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கச் சூடு காக்கும் ஃபிளாஸ்க்கில் ஊற்றி எடுத்துச் செல்லுங்கள். ஃபிளாஸ்க்கை முதலில் வெந்நீரால் ஒருமுறை அலசிவிட்டு ஊற்றினால் சூடு நெடுநேரம் நிற்கும். காலையில் வைத்த கஞ்சியை இரவுக்குக் கொடுக்க வேண்டாம். துணைக்கு இருப்பவர் தன் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. கஞ்சி வைக்கும் அதே நேரத்தில் தனக்கும் ஒரு டப்பாவில் தயிர்ச்சோறு கலந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் எறும்பும் கரப்பானும் வந்திருக்கும். மக்கும் குப்பையைத் தனியாகக் கட்டி அன்றன்றே வெளியேற்றுங்கள். சர்க்கரை, வெல்லம், ரவை ஆகியவற்றை மூடி இறுகும் டப்பாவில் வைத்தால் போதும்.

அறையைக் காலி செய்வதற்கு இரண்டு நாள் முன்பே புதிதாக எதையும் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். மீதமிருக்கும் அரிசியையும் பருப்பையும் அறையைச் சுத்தம் செய்ய வரும் அம்மாவிடம் கேட்டுவிட்டு அவருக்குக் கொடுக்கலாம். பிரித்த எண்ணெய்ப் பாக்கெட்டைப் பையில் வைத்து ரயிலில் எடுத்துச் செல்ல வேண்டாம். வெளியேறும் நேரம் நண்பகலா, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா என்பதை முந்தைய நாளே உறுதி செய்துகொள்ளுங்கள். கிளம்பும் அன்று உள்மீட்டரை மீண்டும் படம் எடுத்து, முதல் நாள் படத்தோடு வைத்துக் கணக்குப் பார்த்து, பாத்திரங்களை எண்ணிக் காட்டி, அட்வான்ஸ் தொகை உங்கள் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.