சார்லி மரியானோவைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர் என்று தெரிந்ததும் நம்மவர்கள் பலர் உடனே தேடிப் போடுவது 'ஜோதி' இசைத்தட்டைத்தான். பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு அவர் 1983-ல் பதிவு செய்தது அது. நாகஸ்வரத்துக்குக் காத்திருந்து, வராமல்போக, ஏமாந்து நிறுத்திவிடுகிறார்கள். அதில் அவர் வாசிப்பது சோப்ரானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மட்டுமே.

நாகஸ்வரம் இருப்பது எதிர்பாராத இடங்களில். ஜெர்மானிய பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபர் 1975-ல் பதிவு செய்த 'எல்லோ ஃபீல்ட்ஸ்' ஓர் உதாரணம். தவில் இல்லை, சுருதி பிடிக்கும் ஒத்து இல்லை. மின்னொலி பாஸும் கீபோர்டும் நார்வேக்காரர் ஒருவரின் டிரம்ஸும் சூழ்ந்திருக்க, நடுவே சீவாளியின் ஒலி எழுகிறது. இங்கே கவனம் தேவை. அதே தட்டில் ஷெனாயும் வாசித்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஷெனாய் குட்டையான கருவி, குரலும் மெலிந்தது. நாகஸ்வரத்தின் நீண்ட உலவிலிருந்து, அதாவது மரக்குழலிலிருந்து, வரும் ஒலிக்கு அகலமும் எடையும் உண்டு. ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் பிறகு குழப்பம் வராது.

அவருடைய பெயரை மட்டும் வைத்துத் தேடுவது அடுத்த தவறு. இதில்தான் நல்ல பதிவுகள் பலவும் கைநழுவிப் போகின்றன என்பது என் கருத்து. தன் பெயரை முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவராகவே அவருடைய பதிவுகள் அவரைக் காட்டுகின்றன. வெபரின் தட்டுகளில் இருக்கிறார். ஜெர்மனியின் எம்ப்ரியோ, டிசிடென்டன் குழுக்களோடு இருக்கிறார். ஊத் என்ற அரபு நரம்பிசைக் கருவியை வாசிக்கும் ரபீ அபூ-கலீல் 1992-ல் பதிவு செய்த 'ப்ளூ கேமல்' தட்டில் ஆல்டோ சாக்ஸபோனோடு இருக்கிறார். அந்தக் கடைசித் தட்டில் தாளவாத்தியக்காரர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம். லெபனானில் பிறந்தவரின் ஊத்துக்குப் பின்னால் தென்னிந்தியத் தாளவாத்தியங்கள் ஒலிப்பதைக் கேட்க வேண்டுமானால் மரியானோ பெயரில் வந்த தட்டுகளைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

1960களின் பிற்பகுதிக்கு முந்தைய மரியானோவை ஒதுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கீழைநாட்டு இசையைத் தொட்ட பிறகே அவர் கவனிக்கத்தக்கவர் ஆனார் என்பது போலப் பேசுவார்கள். சரியல்ல. 1923-ல் பாஸ்டனில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர் அவர். ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் வழியில் வளர்ந்து, ஸ்டான் கென்டனின் பெரிய இசைக்குழுவில் வாசித்து, பிறகு ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து, அவரோடு நால்வர் குழுவும் நடத்தியவர். ஜாஸ் பாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் 1963-ல் பதிவு செய்த 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் அவருடைய ஆல்டோவைக் கேளுங்கள். ஸ்பானியச் சாயல் கொண்ட கிதார் ஓய்ந்தபின் அந்த ஆல்டோ எப்படி எழுகிறது! ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல் சற்றுக் கீழிருந்து எட்டி, உச்சியில் தழுதழுக்கவிட்டு, மெல்ல இறக்குகிறார். பிற்காலத்தில் அவர் வாசித்த ஒவ்வொன்றிலும் இந்தப் பழக்கம் உண்டு. 1966-67 வாக்கில் மலேசிய வானொலியின் இசைக்குழுவைப் பயிற்றுவிக்கப் போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டுக் கற்கத் தொடங்கினார் என்றால், அந்த ஒலி அவரை ஏன் ஈர்த்தது என்பதற்கு விடை ஏற்கெனவே மிங்கஸின் தட்டில் இருக்கிறது.

'உலக இசை' என்ற பெயர்ப்பலகையைக் கொண்டு அவரை அளப்பதும் பொருந்தாது. கடைகளில் இசைத்தட்டுகளை அடுக்க வசதியாக லண்டனில் சிறு நிறுவனங்கள் கூடி அந்தப் பெயரை முடிவு செய்தது 1987-ல். மரியானோ மலேசியா போய் அதற்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன.

இனி 'ஜோதி'யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் காதுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கர்நாடக இசை தெரிந்தவர்கள் ஆரோகண அவரோகணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாக்ஸபோன் எங்கே தடம் மாறுகிறது என்று பிழை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். உடனே கத்ரி கோபால்நாத்தின் பேச்சும் வந்துவிடும். கத்ரி நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்து முழுக் கச்சேரி செய்தவர். மரியானோ கச்சேரி செய்யவில்லை. ஜாஸ் கலைஞராகவே அந்தக் குழுவின் நடுவில் உட்கார்ந்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள், ஒருவரின் அளவுகோல் மற்றவருக்கு உதவாது. ஜாஸ் பக்கத்திலிருந்து வருபவர்கள் செய்யும் தவறு வேறு. டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கத்தையும் ராஜகோபாலின் கடத்தையும் சசிகுமாரின் கஞ்சிராவையும் சாக்ஸபோனுக்குப் பின்னணி என்று வைத்துவிடுகிறார்கள், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் வந்தால் அடுத்த பாடலுக்குத் தாவுகிறார்கள். தட்டின் முதல் உருப்படியே ஆர்.ஏ. ராமாமணியின் குரலுக்கென்று ஒதுக்கப்பட்டது. மரியானோ வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், வந்த பிறகும் குரலை விட்டுவிடக் கூடாது. அவர் குரலுக்குப் பதில் சொல்லும் இடங்களும், குரலோடு ஒட்டியே போகும் இடங்களும்தான் இந்தத் தட்டின் உயிர். சாக்ஸபோனில் துளைகளை மூடுவது சாவிகள். விரலை நேரடியாகத் துளைமேல் இழைக்க வழியில்லை. ஆகவே ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகத்தின் நெளிவுக்கு உதட்டையும் மூச்சையுமே நம்பியாக வேண்டும். ராமாமணியின் வளைவுகளை அப்படி எட்டிப் பிடிக்கப் பார்க்கும்போது அவர் முழுதாகப் பிடிக்காமல் விடுகிற இடங்களும் எனக்குப் பிடிக்கும். அங்கே அவருடைய சொந்தக் குரல் கேட்கிறது.

இதைக் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், முற்றிலும் காணாமல் போய்விடும், தம்புரா வெறும் இரைச்சலாகிவிடும். ஆதாரமும் நடையும் போனபின் மிஞ்சுவது தனியே மிதக்கும் சாக்ஸபோன்தான். 'ஆன்மிக இசை', 'தியான இசை' என்று இதற்குப் பெயர் சூட்டுகிறவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டவர்களோ என்று சந்தேகம் வருகிறது. நல்ல ஹெட்போன் ஒன்றில் கேட்டால் எவ்வளவு துல்லியமான கணக்கு உள்ளே ஓடுகிறது என்பது புலப்படும்.

2009 ஜூனில், 85 வயதில், கொலோன் நகரில் மரியானோ காலமானார். விட்டுச்சென்றவை ஏராளம், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கேட்டு முடிக்க முயல வேண்டாம். முதலில் மிங்கஸின் தட்டு, அடுத்து 'எல்லோ ஃபீல்ட்ஸ்', அந்த ஆல்டோவும் நாகஸ்வரமும் காதில் பழகிய பிறகு 'ஜோதி'. 'ப்ளூ கேமல்' அதற்கு அப்புறம்.