டெல்டாவில் வீட்டுக்கு நெட் இழுக்கும் முன்: லைன் தேர்வும் ரவுட்டர் அமைப்பும்

எந்த கம்பெனி நோட்டீஸை எடுத்தாலும் 40, 60, 100 எம்பிபிஎஸ் என்று எண்கள்தான் பெரிதாக இருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இணைப்பு எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் அறுந்தால் ஒட்ட வருபவர் யார், எங்கிருந்து வருவார், அறுந்த ஃபைபரை உருக்கி ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷின் அவரிடம் சொந்தமாக இருக்கிறதா? வேகம் குறைந்தால் திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆள் வராத கம்பெனியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

தெருவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி மாதிரி ஊர்களில் பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல், உள்ளூர் கேபிள்காரர் என்று தேர்வு இருக்கும். உள்ளே கிராமத்துக்குப் போனால் பெரும்பாலும் பிஎஸ்என்எல் ஃபைபரோ கேபிள் டிவி ஆபரேட்டரோதான். பிஎஸ்என்எல் ஃபைபரும் பல இடங்களில் உள்ளூர் பங்குதாரர் மூலமாகவே வருகிறது. மாத பில் பிஎஸ்என்எல் பெயரில் இருக்கும், ஏணியோடு வருவது அந்தப் பங்குதாரரின் ஆள். அதனால் பக்கத்து ஊரில் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் தெருவில் ஏற்கெனவே வைத்திருக்கும் 3 வீட்டில் கேளுங்கள். போன மழையில் எத்தனை நாள் நெட் இல்லாமல் இருந்தது, ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதா என்ற இரண்டு கேள்வி போதும். முடிந்தால் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டிலேயே ஒரு ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். காலை 11 மணிக்குப் போடும் டெஸ்ட்டில் எந்த லைனும் நன்றாகத்தான் தெரியும்.

உள்ளூர் ஆபரேட்டரிடம் இன்னொரு கேள்வி: “வீடு வரைக்கும் ஃபைபரா, இல்லை கம்பத்தில் ஸ்விட்ச் வைத்து அங்கிருந்து லேன் கேபிளா?” ஒரு ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் தேவையில்லை. கம்பத்தில் இருக்கும் ஸ்விட்ச், அதாவது லேன் கேபிள்களைப் பிரித்துத் தரும் பெட்டி, அதற்குத் தேவை. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் தெருவில் கரன்ட் போனால் அந்த ஸ்விட்ச் செத்துவிடும், இடி இறங்கினால் அதுதான் முதலில் போகும். ஆபரேட்டர் அறையில் ஜெனரேட்டர் இருக்கிறதா, வெறும் இன்வெர்ட்டர்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள். மாதாந்திர பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை வரை கரன்ட் நிறுத்தும் நாளில் வித்தியாசம் தெரியும்.

அடுத்து ஒயர் வரும் வழி. இதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் டெல்டாவில் லைன் அறுவதற்குப் பெரிய காரணம் இதுதான். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் கட்டு ஏற்றிய லாரியும் டிராக்டரும் கிராமத்துச் சாலையில் ஓயாமல் போகும். லாரி கேபினுக்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரத்துக்கு வைக்கோல் நிற்கும். சாலையின் குறுக்கே தொய்ந்து தொங்கும் கறுப்பு ஒயர் அந்தக் கட்டில் சிக்கினால் உங்கள் வீட்டு இணைப்போடு நிற்காது, கம்பத்துப் பெட்டியையே பிடுங்கிக்கொண்டு போய்விடும். லாரியில் ஏற்றி வரும் அறுவடை மிஷினும் அப்படித்தான். சாலையைக் கடக்கும் இடத்தில் 18 அடிக்குக் குறையாமல் ஒயரை ஏற்றச் சொல்லுங்கள். தென்னையிலும் முருங்கையிலும் கட்ட விடாதீர்கள். காற்றில் மரம் ஆடும்போது கட்டிய இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே இருக்கும் இழை முறிந்துவிடும். இபி சர்வீஸ் ஒயரோடு சேர்த்துச் சுற்றவும் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. கோயில் ஊரில் தேர் ஓடும் நான்கு வீதியில் வீடு இருந்தால், தேரோட்டத்துக்குக் குறுக்கு ஒயர்களைக் கழற்றுவார்கள் என்பதால் ஒன்றிரண்டு நாள் நெட் இருக்காது. திருவாரூர் ஆழித்தேர் சுமார் 96 அடி, அதற்கு வழி விடாமல் எந்த ஒயரும் நிற்க முடியாது. ஊரறிந்த தேதி என்பதால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஃபைபரே வராத கிராமத்தில் 5ஜி ஏர்ஃபைபர் ஒரு வழி. மொட்டை மாடியில் ஒரு பெட்டியை டவர் பக்கம் திருப்பி வைத்து, அங்கிருந்து ஒரு லேன் கேபிளை வீட்டுக்குள் இறக்குவார்கள். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் சிக்னல் குறையும். அதே டவரை ஊரின் செல்போன்களும் பயன்படுத்துவதால் மாலையில் வேகம் இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி கடலோரத்தில் மாடியில் இருக்கும் கேபிள் முனை உப்புக் காற்றில் பச்சை பூக்கும். முனைக்கு மூடி போட்டு இறுக்கி வைப்பது அவசியம்.

எவ்வளவு வேகம், எவ்வளவு பணம்

எச்டி படம் ஒன்றுக்கு சுமார் 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 25, வீடியோ காலுக்கு 3 போதும். நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு 40 முதல் 60 தாராளம். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பிள்ளைகள் இருந்து வீட்டு கேமராவை அங்கிருந்து பார்க்கிறார்கள் என்றால் அப்லோடு வேகத்தைக் கேளுங்கள். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் என்று கணக்கு வைத்தால் 4 கேமராவுக்கு 8 வேண்டும். கேமராவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் (WAN) முகவரி, அதாவது கம்பெனி உங்கள் ரவுட்டருக்குத் தரும் முகவரி, 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று பொருள். வெளியிலிருந்து நேராக வீட்டுக் கேமராவுக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் அதில் வேலை செய்யாது. கேமரா கம்பெனியின் செயலி வழியாகப் பார்க்கலாம், அல்லது தனிப் பணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கே உரிய, மாறாத பொது முகவரி) வாங்க வேண்டும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைக்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. 499 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 588 ரூபாய் 82 காசு. இன்ஸ்டலேஷன், டெபாசிட், ரவுட்டர் வாடகை ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அன்லிமிடெட் என்றாலும் மாத வரம்பு இருக்கும். பல திட்டங்களில் அது 3300 ஜிபி, சாதாரண வீட்டில் அதைத் தொடவே மாட்டீர்கள். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள். ஒரு மழைக்காலம் அந்த லைனைப் பார்க்காமல் கட்ட வேண்டாம்.

ஒயர் இழுக்கும் அன்று கூடவே இருங்கள்

சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வாக இருக்கட்டும். ஒயர் உள்ளே நுழையும் முன் கீழே தொங்கி மேலே ஏறும்படி ஒரு வளைவு விடச் சொல்லுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளையைச் சிலிக்கானால் அடைத்துவிட்டால் எறும்பும் வராது. ரவுட்டரின் சூட்டுக்கு எறும்பு உள்ளே போய்க் கூடு கட்டுவது இங்கே சகஜம். பின்னால் வெட்டி ஒட்ட வேண்டி வரும் என்பதால் 3 முதல் 5 மீட்டர் ஒயரைச் சுருட்டி விடச் சொல்லுங்கள். சுருள் உள்ளங்கை அகலத்துக்குக் குறையக் கூடாது, மூலையில் ஆணி அடித்து மடக்கவும் கூடாது.

முனையில் பச்சை கனெக்டர் மாட்டுவார்கள். கையால் அழுத்திப் போடும் ஃபாஸ்ட் கனெக்டர் 5 நிமிட வேலை, ஆனால் ஈரத்தில் சீக்கிரம் தகராறு செய்யும். மெஷினில் வைத்து உருக்கி ஒட்டியது வருடக்கணக்கில் நிற்கும். கூட 200, 300 கேட்டாலும் கொடுக்கலாம். நீல நிற அடாப்டரில் பச்சை முனையைச் செருக விடாதீர்கள். ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுக்கும்.

வேலை முடிந்ததும் ஒளியின் அளவு மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐத் தொட்டால் லைன் விட்டு விட்டு வரும். முதல் நாளே மைனஸ் 26 என்றால் ஆள் கிளம்பும் முன் ஜாயின்ட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். மீட்டர் இல்லையென்றால் ஃபைபர் வந்து செருகும் ஓஎன்டி பெட்டிக்குள் லாகின் செய்தும் இந்த எண்ணைப் பார்க்கலாம்.

ரவுட்டரை எங்கே வைப்பது

‘நெட் ஸ்லோ’ என்று வரும் புகாரில் பெரும்பகுதி உண்மையில் வைஃபை எட்டாத புகார். நம் பக்கத்துப் பழைய வீடுகள் குறுகலாக, நீளமாக இருக்கும்: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை. சுவரோ ஒன்றரை அடி செங்கல். ஒயர் வாசல் வழியாக வருவதால் ஆள் ரேழியிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். தெருவில் போகிறவருக்கு முழு சிக்னல், அடுக்களையில் ஒன்றுமில்லை. பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். முற்றத்தைப் பார்த்த தூணிலோ சுவரிலோ 6 அடி உயரத்தில் வைத்தால் திறந்தவெளி வழியாக முன்னும் பின்னும் பரவும். பீரோ மேல், டிவிக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம்.

ஒரு பெட்டி போதாவிட்டால் ரிப்பீட்டருக்கு முன் ஒரு கேட் 6 கேபிளை யோசியுங்கள். முழுச் செம்புக் கம்பியாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்குச் செம்பு பூசியது விலை குறைவு, முனை சீக்கிரம் விட்டுப்போகும். இரண்டாவது ரவுட்டரை இப்படி அமைக்கலாம்:

1. முதல் ரவுட்டரில் டிஎச்சிபி (போன், டிவிக்குத் தானாக முகவரி தரும் வசதி) எல்லையை 192.168.1.2 முதல் 192.168.1.200 வரை என்று குறுக்குங்கள்.
2. இரண்டாவது ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.1.250 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைப் போட்டாலே போதும்.
3. கேபிளை அதன் லேன் துளையில் செருகுங்கள். வேன் துளையில் செருகினால் தனி வலையமைப்பாகி, டிவியும் போனும் ஒன்றை ஒன்று பார்க்காது.
4. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

தோட்டத்து வீட்டுக்கோ எதிர்க் கட்டடத்துக்கோ வெட்டவெளியில் செம்பு லேன் கேபிள் இழுக்காதீர்கள். பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து எரியும். அங்கே ஃபைபர்தான் சரி.

உள்ளே மாற்ற வேண்டியவை

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, பிரவுசரில் அடித்து உள்ளே போங்கள். முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. ஆபரேட்டர் எல்லா வீட்டுக்கும் ஒன்றையே வைத்திருப்பார். வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது 3, குறைந்தது 12 எழுத்து, போன் நம்பர் வேண்டாம். பாஸ்வேர்டு அடிக்காமல் இணைய விடும் டபிள்யூபிஎஸ் அணைந்திருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் எண் 1, 6, 11 இவற்றில் பக்கத்து வீடுகள் குறைவாகப் பயன்படுத்துவது. சுவர் தாண்டிப் போவது 2.4, வேகம் தருவது 5 கிகாஹெர்ட்ஸ். கேமராக்கள் பலவும் 2.4ஐ மட்டுமே பிடிக்கும் என்பதால் இந்த இரண்டு அலைவரிசைக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் குழப்பம் குறையும் (இரண்டு ரவுட்டர் இருந்தால் அதே இரண்டு பெயர்கள் இரண்டிலும்). ரவுட்டர் கம்பெனி லைனில் லாகின் ஆகப் பயன்படுத்தும் பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் எழுதி வாங்கி வையுங்கள். யாராவது ரீசெட் பட்டனை அழுத்திவிட்டால் இவை இல்லாமல் லைன் திரும்பாது.

வேகத்தை லேன் கேபிள் மாட்டிய லேப்டாப்பில் அளந்து பாருங்கள். 200 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94லேயே நின்றால் கம்பெனி மேல் தப்பில்லை: ஒன்று, 100 எம்பிபிஎஸ் துளையில் செருகியிருக்கிறீர்கள், அல்லது கேபிளின் 8 கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை.

கரன்ட், இடி, புயல்

ரவுட்டர் சுமார் 10 வாட் எடுக்கும். இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாதவர்கள் மினி யுபிஎஸ் வாங்கும்போது அடாப்டரைப் பாருங்கள்: 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர். 2600 எம்ஏஎச் செல் 4 இருந்தால் 38 வாட்-அவர். இழப்பு போக 3 மணி நேரம் தாங்கும். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் ஒயரோடு வரும் இரும்புக் கம்பியும் அடாப்டரும் கடத்தும். இடி கேட்டதும் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது. மாடிப் பெட்டியிலிருந்து செம்பு கேபிள் வந்தால் அதையும் கழற்றுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. கம்பத்தில் ஓடும் ஃபைபரும் கம்பத்தோடு போகும். ஆகவே ஃபைபர் எந்தக் கம்பெனியோ அதல்லாத வேறு கம்பெனியின் சிம் ஒன்று வீட்டில் ரீசார்ஜோடு இருக்க வேண்டும்.

நெட் போனால் போன் போடும் முன் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் (ஒளி வரவில்லை என்று காட்டும் விளக்கு) சிவப்பாக மினுக்கினால் வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது அல்லது பச்சை முனை கழன்றிருக்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்வதில் பயனில்லை. எல்ஓஎஸ் அணைந்து பான் (கம்பெனியோடு ஃபைபர் தொடர்பைக் காட்டும் விளக்கு) மினுக்கிக்கொண்டே இருந்தால் ஒளி பலவீனமாக இருக்கலாம், அல்லது அந்தப் பக்கம் பதிவு ஆகவில்லை. பான் நிலையாக எரிந்தும் நெட் இல்லையென்றால் யூசர்நேம், பில் பாக்கி இரண்டையும் பாருங்கள். போனில் மெசேஜ் வருகிறது, இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். லைன்மேனிடம் “நெட் வரல” என்பதைவிட “எல்ஓஎஸ் சிவப்பு, நேத்து சாயந்திரம் 6 மணியிலிருந்து” என்று சொன்னால் மெஷினோடு கிளம்பி வருவார். அவரிடம் சொல்வதோடு கம்பெனியிலும் புகார் பதிந்து எண் வாங்குங்கள். இணைப்பு இல்லாத நாளுக்குப் பணம் கழிக்கக் கேட்கவும், தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கோ 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கோ போகவும் அந்த எண்தான் வேண்டும்.