சமூகவியல் படிக்கக் கடன் வாங்கும் முன்

தில்லியில் 12-ஆம் வகுப்பை முடித்துச் சமூகவியல் படிக்க விரும்பும் நம் பிள்ளைகளின் பெற்றோர், கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன் மாதத் தவணையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். 10 விழுக்காடு வட்டியில் வாங்கிய 10 லட்சம் ரூபாயை 10 ஆண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 13,200 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் தவணை கேட்கப்படாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இளங்கலைப் பட்டத்தோடு வேலைக்குச் செல்பவரின் தொடக்கச் சம்பளம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் பாதிக்கு மேல் கடனுக்கே போய்விடும். இதே பாடத்தைத் தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் தனியார் பல்கலைக்கழகங்களைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம் என்பதால், பொது நுழைவுத் தேர்வான க்யூட்டுக்கு ஓராண்டு முன்பே தயாராவது நல்லது. முதுகலைக்குப் பின் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும்.